யோர்தான் துறையில் ஒரு செவ்வாய்க்கிழமை

மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைக் கலைத்துவிடுவது நம் பங்குகளில் வழக்கம். வைக்கோல் மாட்டுக்குப் போகும்; வண்ண விளக்குகள் பெட்டிக்குள் போகும்; குழந்தை இயேசுவின் சுரூபம் பட்டுத் துணியில் பொதியப்பட்டுக் கோயில் அலமாரிக்குள் போகும். அதற்குள் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்ட நம் மக்களிடம், கிறிஸ்து பிறப்புக் காலம் இன்னும் முடியவில்லை, ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவோடுதான் அது நிறைவு பெறுகிறது என்று பீடத்திலிருந்து எத்தனை முறை சொன்னாலும் செவியில் ஏறுவதில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம் வழிபாட்டு முறையில் அது வயதில் இளைய விழா. 1955-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதைச் சனவரி 13-ஆம் நாளுக்குக் குறித்தார். 1969-ஆம் ஆண்டின் புதிய நாட்காட்டி அதை மூன்று இராசாக்கள் திருநாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கு மாற்றியது. கீழைத் திருச்சபைகளிலோ பண்டைக் காலந்தொட்டே அது பெருவிழா.

2023-ஆம் ஆண்டு சனவரியில், முப்பது பேருக்குச் சற்று மேற்பட்ட திருப்பயணிகளுடன் நாம் புனித நாட்டிற்குச் சென்றிருந்தோம். அந்த ஆண்டில் நாட்காட்டி சிறிது விளையாடியது. புனித நாட்டில் மூன்று இராசாக்கள் திருநாளைச் சனவரி 6-ஆம் நாளிலேயே கொண்டாடுவதால், திருமுழுக்கு விழா 8-ஆம் நாள் ஞாயிறன்று வந்தது. நம் நாட்டில் அந்த ஞாயிறுதான் மூன்று இராசாக்கள் திருநாள். திருமுழுக்கு விழா மறுநாள் திங்களன்று. நம் குழு யோர்தான் ஆற்றங்கரையை அடைந்ததோ 10-ஆம் நாள் செவ்வாய்க்கிழமை. அங்கும் விழா முடிந்துவிட்டது, இங்கும் முடிந்துவிட்டது. வெறும் பொதுக்காலச் செவ்வாய். பயண ஏற்பாட்டாளர் நாளைத் தவறாகக் குறித்துவிட்டார் என்று சிலர் முணுமுணுத்தனர். பெத்லகேமில் கிரேக்கர்கள் தங்கள் கிறிஸ்து பிறப்பு விழாவை 7-ஆம் நாள்தான் கொண்டாடியிருந்தார்கள் என்றும், அர்மீனியர்களுக்கு அது இன்னும் வரவேயில்லை, 19-ஆம் நாள்தான் வரும் என்றும் வழிகாட்டி சொன்னபோது அவர்களுக்குச் சற்று ஆறுதல் ஏற்பட்டது.

யெருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் சென்ற ஒருவன் கள்வர் கையில் அகப்பட்ட உவமையை நாம் எல்லோரும் அறிவோம். அவன் இறங்கிச் சென்றான் என்று லூக்கா எழுதுவதன் பொருள் அந்தச் சாலையில் பேருந்தில் அமர்ந்தால்தான் விளங்கும். யெருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற துறையோ கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வில் கிடக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஒரு பெரிய மலையின் உயரத்தை இறங்கிவிடுகிறோம். புல் பூண்டற்ற யூதேயப் பாலைவனம் இருபுறமும் அலை அலையாகச் சரிகிறது. வழியில் ஓரிடத்தில் கடல் மட்டம் இதுதான் என்று ஒரு பலகை நிற்கிறது. அதற்குப் பிறகும் சாலை இறங்கிக்கொண்டே போகிறது. காது அடைத்துக்கொள்கிறது. யெருசலேமில் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிய நம் பாட்டிமார் எரிக்கோவை நெருங்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினர். உலகத்தின் மேற்பரப்பில் இதைவிடத் தாழ்ந்த நிலம் சாக்கடலின் கரை ஒன்றுதான்; அதுவும் அங்கிருந்து கூப்பிடு தூரமே.

மனிதரானவர் தமது வெளிப்படையான வாழ்வைத் தொடங்குவதற்கு இந்த இடத்தைத் தேர்ந்துகொண்டார் என்பதை எண்ணிப் பார்த்தோம். நாசரேத்திலிருந்து கலிலேயக் கடல் அருகில்தான். அங்கு தண்ணீருக்குப் பஞ்சமில்லை, அழகுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் அவர் நாட்கணக்கில் நடந்து வந்து, நிலத்தின் அடித்தட்டுக்கு இறங்கி, பாவிகளின் வரிசையில் போய் நின்றார். குடிலில் தொடங்கிய இறக்கம் இங்கேதான் வந்து தரை தட்டுகிறது. கீழைத் திருச்சபையின் பழைய திருமுழுக்குப் படங்களில் யோர்தான் ஆறு ஒரு குகையைப் போல, கல்லறையைப் போல இருண்டு காணப்படும். அந்த இருட்டின் நடுவே ஆண்டவர் நிற்பார். வரைந்தவர்கள் இறையியல் அறிந்தவர்கள்.

எரிக்கோவின் பேரீச்சந் தோப்புகளைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் பேருந்துக்குள் பேச்சு அடங்கிற்று. சாலையின் இருமருங்கும் முள்வேலி. வேலியில் இடையிடையே தகரப் பலகைகள். எபிரேயத்திலும் அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரே செய்தி: கண்ணிவெடிகள், ஆபத்து. வெள்ளை ஆடையும் மெழுகுதிரியும் நினைத்து வந்தவர்களுக்கு அந்தப் பலகைகள் நெஞ்சில் தைத்தன.

துறையின் பெயர் அரபியில் கஸ்ர் அல் யஹூத். யூதரின் கோட்டை என்று பொருள். யோசுவாவின் தலைமையில் இஸ்ராயேல் மக்கள் கால் நனையாமல் ஆற்றைக் கடந்தது இந்தப் பகுதியில்தான் என்பது நெடுங்கால மரபு. எலியாஸ் தம் போர்வையால் தண்ணீரை அடித்துப் பிரித்து எலிசேயுவுடன் அக்கரை சேர்ந்து, அங்கிருந்து விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதையும் இவ்விடத்தோடுதான் இணைத்துச் சொல்லுகிறார்கள். எதிர்க்கரை யோர்தான் நாட்டைச் சேர்ந்தது. அதற்கு அல் மக்தாஸ் என்று பெயர்; முழுகும் இடம் என்பது பொருள். யோர்தானுக்கு அப்பாலுள்ள பெத்தானியா என்று நான்காம் நற்செய்தி குறிப்பது அந்தக் கரையையே. 1994-இல் யோர்தானும் இஸ்ரேலும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னரே அங்கு அகழாய்வு நடத்த முடிந்தது. பழைய கோயில்களின் அடித்தளங்களும், திருமுழுக்குக் குளங்களும், துறவியர் வாழ்ந்த குகைகளும் வெளிப்பட்டன. 2015-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. எந்தக் கரை உண்மையான கரை என்று வழக்காடுவோர் இன்றும் உண்டு. நமக்கு அந்த வழக்கில் ஆர்வமில்லை. ஆண்டவர் இறங்கியது ஆற்றுக்குள்; ஆறு இரண்டு கரைக்கும் பொது.

ஆனால் அந்த ஆற்றைக் கண்டதும் நம்மவர் முகங்கள் வாடியதை மறைப்பதற்கில்லை. பத்து மீட்டர் அகலம்கூட இல்லை. செம்மண் கரைத்த நிறம். நாணலுக்கு நடுவே, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத தண்ணீர். நம் ஊர்ப் பாசன வாய்க்கால் இதைவிடப் பெரிதல்லவா என்று ஒருவர் சொல்லியேவிட்டார். ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி கன மீட்டர் தண்ணீரைச் சாக்கடலுக்குக் கொண்டு சேர்த்த ஆறு அது. இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட வந்து சேர்வதில்லை. 1964-இல் இஸ்ரேல் கலிலேயக் கடலிலிருந்து பெருங்குழாய்களின் வழியே நீரைத் தெற்கே கொண்டு சென்றது. துணையாறான யார்மூக்கின் தண்ணீரைச் சிரியாவும் யோர்தானும் அணைகளாலும் கால்வாயாலும் எடுத்துக்கொண்டன. எஞ்சியது வயல்களின் கழிவுநீரும் உப்பு ஊற்றுகளும்தான். மணல் மட்டும் மிஞ்சிய நம் பாலாற்றைக் கண்டு பழகியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கரையில் மரப்படிகள் அமைத்திருக்கிறார்கள். ஆற்றின் நடுவில் ஒரு கயிறு மிதக்கிறது, அதுதான் நாட்டெல்லை. இக்கரையில் துப்பாக்கியுடன் இளம் வீரர்கள். அக்கரையிலும் துப்பாக்கியுடன் இளம் வீரர்கள். இரு சாராரும் வேலையின்றிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தனர். அக்கரைப் படிகளில் ஒரு குழு பாடியது; இக்கரையில் வேறொரு குழு வேறொரு மொழியில் பாடியது. கிழக்கே கிரேக்கர்களின் கோயில் பொற்கூரையுடன் மின்னிற்று.

நமக்கு முன்னால் வந்திருந்த கீழைத் திருச்சபையினர் முழு நீள வெள்ளை அங்கி அணிந்து மும்முறை முழுகி எழுந்தனர். அவர்கள் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்களே. அதன் நினைவாகத்தான் முழுகுகிறார்கள். அந்த அங்கியை உலர்த்தி ஊருக்குக் கொண்டு சென்று பத்திரப்படுத்தி, இறந்தபின் அதையே அணிவித்து அடக்கம் செய்யும் வழக்கம் அவர்களில் பலரிடம் உண்டு. இதைக் கேட்டபோது நமக்கு மெய் சிலிர்த்தது. நம் வழிபாட்டிலும் இறந்தவரின் பெட்டிமேல் வெண்துகில் போர்த்துகிறோம், தீர்த்தம் தெளிக்கிறோம், பாஸ்கா திரியைத் தலைமாட்டில் ஏற்றுகிறோம். அவை அத்தனையும் திருமுழுக்கின் அடையாளங்களே. எத்தனை பேர் கவனிக்கிறோம்?

அதைக் கண்ட நம் குழுவில் ஒரு பெண்மணிக்கு ஆவல் பிறந்தது. "சுவாமி, இவ்வளவு தொலைவு வந்துவிட்டோம். இந்த ஆற்றிலே எனக்கு இன்னொரு தடவை ஞானஸ்நானம் கொடுங்கள். ஊரில் கொடுத்தபோது நான் கைக்குழந்தை. எனக்கு ஒன்றுமே தெரியாது" என்றார்.

"அம்மா, பிறந்தபோதும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காக இன்னொரு முறை பிறக்க வேண்டுமென்று நீங்கள் கேட்கவில்லையே" என்றோம். எல்லோரும் சிரித்தனர், அவரும் சிரித்தார். நம் ஊர்க் கோயிலின் மூலையில், பாசி படிந்த கருங்கல் தொட்டியில், வயது முதிர்ந்த குருவானவர் ஒருவர் வாயில் முன்பல் இல்லாமல் சொல்லி ஊற்றிய தண்ணீருக்கும், யோர்தானின் தண்ணீருக்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை. ஆண்டவர் தாம் தூய்மை அடைவதற்காக ஆற்றில் இறங்கவில்லை, எல்லாத் தண்ணீரையும் தூய்மைப்படுத்துவதற்காக இறங்கினார் என்று பண்டைத் திருச்சபைத் தந்தையர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் நம் ஊர்க் கிணற்றுக்கும் அதில் பங்கு உண்டு. வாக்குறுதிகளைப் புதுப்பிக்கலாம்; ஞானஸ்நானத்தைப் புதுப்பிப்பதென்பது கிடையாது. அது பழசாவதே இல்லை.

இந்தச் சொல் ஒருவருக்குச் சுட்டுவிட்டது என்பதை நாம் சிறிது நேரத்தில் அறிந்தோம். குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். நம் பங்கைச் சேர்ந்தவர், மனைவியை இழந்தவர். பயணம் முழுவதும் அதிகம் பேசாதவர். வாயிலில் இருந்த கடையில் சிறு கண்ணாடிப் புட்டி ஒன்றை வாங்கி ஆற்று நீரை நிரப்பிக்கொண்டு நம் அருகில் வந்தார். அவருடைய ஒரே மகன் வெளிநாட்டில் பொறியாளராக இருக்கிறார். தாய் ஈராண்டுகள் புற்றுநோயால் துன்புற்று மறைந்த நாளிலிருந்து அந்த மகன் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. செபித்தேன், கேட்கவில்லை, இனி எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தந்தையிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாராம். பதினோர் ஆண்டுகள் ஆகிவிட்டன.

"இந்தத் தண்ணீரை அவன் வரும்போது தெரியாமல் அவன் தலையில் தெளிக்கலாமென்று நினைத்தேன், சுவாமி. இன்னொரு முறை கொடுக்க முடியாதென்று சொல்லிவிட்டீர்கள். முன்பு கொடுத்தது அவனிடத்தில் இன்னும் இருக்கிறதா? அதையாவது சொல்லுங்கள்" என்றார்.

ஆற்றங்கரையில், நாலு மொழிப் பாடல்களுக்கு நடுவில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வியன்று அது. "வாருங்கள் ஐயா, சற்று நடப்போம்" என்று அவரை அழைத்துக்கொண்டு, மற்றவர்களும் பின்தொடர, துறையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள நம் கத்தோலிக்கச் சிறுகோயிலை நோக்கி நடந்தோம். ஸ்நாபக அருளப்பர் பெயரால் அமைந்த அந்தக் கோயில் பிரான்சிஸ்கு சபைத் துறவியருடையது. அதன் கதையை வழிகாட்டி சொல்லச் சொல்ல, நாம் சொல்ல வேண்டியதைக் கோயிலே சொல்லிவிட்டதாகத் தோன்றிற்று.

1967-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள், அதாவது மூன்று இராசாக்கள் திருநாளுக்கு மறுநாள், அந்தக் கோயிலில் திருப்பலி நடந்தது. ஓர் ஆங்கிலேயக் குருவும் ஒரு நைஜீரியக் குருவும் நிறைவேற்றி, கோயிலின் பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சென்றார்கள். அவ்வாண்டு சூன் மாதத்தில் ஆறு நாள் போர் மூண்டது. அதுவரை யோர்தான் நாட்டின் ஆளுகையில் இருந்த மேற்குக் கரை இஸ்ரேலின் கைக்கு மாறிற்று. நற்செய்தியின் ஆறு போர்முனையாயிற்று. ஆற்றைக் கடந்து வருவோரைத் தடுப்பதற்காகக் கரை நெடுகிலும் கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள். துறவியர் வெளியேற நேர்ந்தது. கத்தோலிக்கக் கோயில் மட்டுமன்று, கிரேக்கர், எத்தியோப்பியர், சிரியர், கோப்தியர், ருசியர் என்று பல சபைகளின் கோயில்களும் மடங்களும் ஆளரவமற்றுப் போயின. சில கட்டடங்களுக்கு உள்ளேயே வெடிப்பொறிகள் வைக்கப்பட்டன. பீடம் இருந்தது, மணிக்கூண்டு இருந்தது, கதவும் இருந்தது. கதவுக்குப் போகும் நிலத்தில் கால் வைத்தால் மரணம்.

நம் ஊரில் நிலத்தகராறு பார்த்தவர்களுக்கு இது புரியும். பட்டா துறவியரின் பெயரிலேயே இருந்தது. அதை யாரும் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. அனுபவம்தான் இல்லை. உரியவர்கள் வேலிக்கு வெளியில் நின்று தம் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு தலைமுறை துறவியர் அப்படியே பார்த்துப் பார்த்து இறந்தும் போனார்கள்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் யோர்தான் கரைக்கு வந்தார். 2011-இல் மேற்குக் கரைத் துறை மக்களுக்கு முறைப்படி திறந்துவிடப்பட்டது. ஆற்றுக்குப் போகும் வழி மட்டும். கோயில்கள் வெடிகளுக்கு நடுவிலேயே நின்றன. 2018-இல் பிரித்தானியாவைச் சேர்ந்த ஹேலோ அறக்கட்டளை அவற்றை அகற்றும் பணியைத் தொடங்கிற்று. அதற்கு முன் இஸ்ரேலரின் இசைவும் பாலஸ்தீனரின் இசைவும் வேண்டியிருந்தன. ஒரு கோயில் விழாவுக்கு மூன்று தெருக்காரர்களை இசையச் செய்யவே நாம் படும் பாடு நமக்குத் தெரியும். எல்லாச் சபைகளின் இசைவும் வேண்டியிருந்தது என்றால், அதுவே ஒரு புதுமை என்று நாம் சொல்லுவோம். ஒன்றோடொன்று எளிதில் பேசாத சபைகள் இந்த வெடிகளின் பொருட்டு ஒரே தாளில் இணைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெடிகள். எல்லாம் நிலத்துக்குள். பலவற்றை ஆற்று வெள்ளமும் மழையும் இடம்பெயர்த்திருந்தன. எனவே பழைய வரைபடத்தை நம்பி நடக்க முடியாது. அடியளந்து, கருவியால் கேட்டு, மண்ணை விலக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எரிக்கோவின் கோடை வெயிலில் தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து செய்யும் வேலை அது. 2020 அக்டோபரில் கோயில் துறவியரின் கையில் திரும்ப ஒப்படைக்கப்பட்டது.

2021-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள், ஆண்டவருடைய திருமுழுக்கு விழா ஞாயிறன்று, புனித நாட்டின் பிரான்சிஸ்கு சபைத் தலைவர் அந்தக் கோயிலில் மீண்டும் திருப்பலி நிறைவேற்றினார். கொள்ளைநோய்க் காலமாதலால் சிலரே இருந்தார்கள். பழைய பதிவேடு இடையில் கண்டெடுக்கப்பட்டிருந்தது. அதைப் பீடத்தண்டை கொண்டுவந்து திறந்தார்கள். 1967 சனவரி 7-க்குப் பின் வரும் அடுத்த பதிவு அன்றுதான் எழுதப்பட்டது. இடையில் 54 ஆண்டுகளும் 3 நாள்களும்.

கணக்கைப் பாருங்கள். கடைசித் திருப்பலி மூன்று இராசாக்கள் திருநாளுக்கு மறுநாள். அடுத்த திருப்பலி திருமுழுக்கு விழாவன்று. அந்தக் கோயிலைப் பொறுத்தவரையில் ஒரு கிறிஸ்து பிறப்புக் காலம் முடிவதற்கு 54 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. நாம் நின்றது அதற்குச் சரியாக ஈராண்டுகள் கழித்து, அதே 10-ஆம் நாள். நாளைத் தவறாகக் குறித்தார் என்று முணுமுணுத்தவர்கள் இதைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள். சுவர்களில் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த வடுக்கள் இருந்தன. ஆசிரியர் அருகில் சென்று ஒரு துளையில் விரல் வைத்துப் பார்த்தார்.

அங்கு நின்றுதான் அவருக்கு மறுமொழி சொன்னோம். ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தோமல்லவா? உறுதிபூசுதலும் குருத்துவமும் அப்படிப்பட்டவையே. ஆகையால்தான் இம்மூன்றும் ஒருமுறைக்குமேல் தரப்படுவதில்லை. 1547-ஆம் ஆண்டில் திரிதெந்து பொதுச்சங்கம் இதை விசுவாசக் கோட்பாடாக வரையறுத்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே புனித அகுஸ்தினார் ஓர் உவமையால் இதை விளக்கினார். உரோமைப் படைவீரனின் உடலில் பேரரசரின் அடையாளக் குறி பொறிக்கப்படும். அவன் படையை விட்டு ஓடிவிட்டாலும் குறி அவனை விட்டுப் போகாது. ஓடியவன் மனம் மாறித் திரும்பி வந்தால் அவனுக்குப் புதிதாகக் குறியிடுவதில்லை; இருக்கும் குறியைப் பார்த்து அவனை இன்னான் என்று அறிந்துகொள்வார்கள். ஆற்றின் இருபுறமும் சீருடையில் நின்ற அந்த இளைஞர்களைக் கண்டபோது இந்த உவமை நம் நினைவுக்கு வந்திருந்தது.

"அப்படியானால் அவன் எப்படி வாழ்ந்தாலும் கவலையில்லை என்கிறீர்களா?" என்று ஆசிரியர் கேட்டார். பள்ளியில் கணக்குச் சொல்லித் தந்தவர். விடைக்குமுன் வழிமுறையைக் கேட்கிறவர்.

அப்படிச் சொல்லத் துணியமாட்டோம் என்றோம். முத்திரை இருப்பது வேறு, அதன் பலன் கிடைப்பது வேறு. இந்த நிலம் 54 ஆண்டுகளும் புனித நிலமாகவே இருந்தது. ஆனால் அதில் ஒருவரும் முழந்தாளிட முடியவில்லை. நிலத்தின்மேல் குற்றமில்லை; அதற்குள் புதைத்தவற்றின்மேல் குற்றம். உம் மகனுக்குள்ளும் ஏதோ புதைந்திருக்கிறது. தாய் துடித்த துடிப்பைக் கண்ட மகன் அவர். மேலே நடந்து போகப் பார்த்தால் வெடிக்கும். புட்டித் தண்ணீரைத் தெரியாமல் தெளிப்பதும் ஒருவகையில் வரைபடம் இல்லாமல் உள்ளே ஓடுவதுதான். அடியளந்து, கேட்டு, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். யார் எடுப்பார், எத்தனை ஆண்டு ஆகும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் எடுத்து முடிந்தால் உள்ளே புதிதாகக் கோயில் கட்ட வேண்டியதில்லை. கோயில் அங்கேயே இருக்கிறது.

நம் முன்னோர் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியங்களை மனப்பாடம் செய்தார்கள். இன்றைய மொழிபெயர்ப்பில் நடுவிலுள்ளது எதிர்நோக்கு என்று ஆகிவிட்டது. முதலில் அந்தச் சொல் நம் காதுக்கு ஒட்டவில்லை. வேலிக்கு வெளியே நின்று தம் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த துறவியரை நினைத்தபோது அதன் பொருத்தம் விளங்கிற்று. எதிரே நோக்கிக்கொண்டு நிற்பதுதான் அவர்கள் செய்தது. வேறெதுவும் செய்ய அவர்களுக்கு வழியில்லை.

ஆற்றுக்குத் திரும்பி வந்து, படியோரத்தில் நின்று, திருமுழுக்கு வாக்குறுதிகளை எல்லோரும் புதுப்பித்தோம். காற்றில் மெழுகுதிரிகள் அணைந்துகொண்டே இருந்தன. ஒருவர் திரியிலிருந்து ஒருவர் பற்றவைத்துக்கொண்டே இருந்தோம். ஆற்று நீரை அள்ளி ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை அடையாளம் இட்டோம். மீண்டும் ஞானஸ்நானம் கேட்ட அம்மையார் எல்லோரையும்விட உரத்த குரலில் மறுமொழி சொன்னார். ஆசிரியர் தம் புட்டியைத் திறந்து தண்ணீரை ஆற்றிலேயே ஊற்றிவிட்டார். வெறும் புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காசு கொடுத்து வாங்கியதல்லவா!

அக்கரையைப் பற்றியும் ஒரு செய்தி. 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அல் மக்தாஸில் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்கு அடிக்கல் மந்திரித்தார். நாம் பார்த்தபோது அது இன்னும் அபிஷேகம் பெறவில்லை. 2025-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் கர்தினால் பரோலின் திருத்தந்தையின் பிரதிநிதியாக வந்து அதை அபிஷேகம் செய்தார். இடைப்பட்ட 16 ஆண்டுகளை அந்தக் கரையில் யாரும் நீண்ட காலமாகக் கருதியிருக்க மாட்டார்கள். 2023 அக்டோபரில் மூண்ட கொடும் போரால் அந்த நாட்டுக்குச் செல்லும் திருப்பயணிகள் அருகிப்போனதை வாசகர்கள் அறிவார்கள். அந்த மண்ணின் மக்களுக்காகச் செபிக்க மறவாதீர்கள்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே ஆசிரியர் நம் அலுவலகத்துக்கு வந்தார். மகனின் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், ஒவ்வொருவரும் தாம் திருமுழுக்குப் பெற்ற நாளைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆண்டுதோறும் இந்த விழாவன்று வற்புறுத்தி வந்தார். நம் பங்கில் அதைக் கேட்டு வந்தவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். பழைய பதிவேட்டை எடுத்தோம். முன்னிருந்த பங்குக் குருவின் சாய்ந்த கையெழுத்து. நீல மை சற்று வெளுத்திருந்தது. பெயர், தாய் தந்தையர், ஞானத்தாய் தந்தையர், நாள். ஓரத்தில் உறுதிபூசுதலின் குறிப்பு. அதற்குக் கீழே வெற்றிடம். ஆசிரியர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நாளை மட்டும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார்.

அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளுக்கு மகனின் கருத்துக்காகத் திருப்பலி கேட்டு வருகிறார். பிறந்த நாளுக்கு அவர் கேட்பதில்லை. அதே நாளில் மகனுக்குத் தொலைபேசியில் பேசி, நலமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். மூன்றாம் ஆண்டு, ஏன் எப்போதும் இந்தத் தேதியில் கூப்பிடுகிறீர்கள் அப்பா என்று மகன் கேட்டாராம். ஆசிரியர் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். எதிர்முனையில் சிறிது நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, அன்றைக்கு மழை பெய்ததா என்று மட்டும் கேட்டாராம். அம்மா அப்படிச் சொல்லியிருந்தாளாம்.

பெய்தது என்று சொன்னாராம் ஆசிரியர்.